கடைசியாக வந்த எண்

ஆறு மணிக்கு ஜான்சன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்தான். வாசல் கம்பியில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தான். அரை லிட்டர், முன்பெல்லாம் ஒரு லிட்டர். டீ போட்டு, நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டான். எட்டு மணிக்குத் தெருமுனைக் கடையில் நான்கு இட்லி வாங்கி வந்து பொட்டலத்தை விரித்துத் தின்றான். எட்டரைக்கு அலமாரியைத் திறந்து சிம்ரனின் போனை எடுத்து, பிரிட்ஜுக்கு மேலே இருந்த சார்ஜரில் செருகினான். நாற்பத்தோரு நாளாக அணைந்து கிடந்த போன். அதிலிருக்கும் படங்கள் வேண்டும் என்று அவளுடைய அப்பா கேட்டிருந்தார். எட்டே முக்காலுக்கு முன்னறை மேசையில் உட்கார்ந்து, ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டி, இரண்டு திரைகளையும் எழுப்பினான்.

வலது பக்கத் திரையின் கடைசி வரிசையில் ஒரு சொல் மாறியிருந்தது.

பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவனுடைய வேலை. சென்னையில் ஒரு பஸ் டிக்கெட் கம்பெனி. அதன் சர்வர்கள் எங்கெங்கோ ஓடுகின்றன. ஓரிக்கையில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து ஜான்சன் அவற்றின் நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஒவ்வொரு சர்வருக்கும் திரையில் ஒரு வரிசை. நன்றாக இருந்தால் பச்சை. திணறினால் மஞ்சள். விழுந்தால் சிவப்பு, கூடவே அலாரம். அந்த அறுபத்து மூன்று வரிசைகளுக்குக் கீழே, அறுபத்து நான்காவதாக, ஒரு வரிசையை அவன் தனக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தான். சிம்ரன்.

அவளுக்குப் பதினொரு வயதிலிருந்து சர்க்கரை. தினம் நான்கு ஊசி. கல்யாணமான இரண்டாவது மாதம் அவளுடைய மேல்கையில் ஒட்டும் ஒரு சென்சாரை வாங்கிக் கொடுத்தான். ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று அது அவள் போனுக்குச் சொல்லும். போனிலிருந்து அந்த எண்ணை இழுத்துத் தன் திரையில் விழும்படி செய்தான் ஜான்சன்.

"நான் இன்னா உன் சர்வரா?" என்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அதுலயும் கடைசி வரிசையில கொண்டாந்து வச்சிருக்க."

"கடைசி வரிசைதான் கண்ணுக்கு நேரா இருக்குது."

"ஐய, பேச்சப் பாரு."

அந்த வரிசையில் நாற்பத்தோரு நாளாக ஒரே எண். 126. பச்சை. அவன் அதை அழிக்கவில்லை. அடக்கம் முடிந்த வாரத்தில் அந்த எண்ணுக்குக் கீழே, எப்போது வந்தது என்று காட்டும் சிறிய எழுத்து ஒன்றை மட்டும் சேர்த்தான். நேற்று அது "நாற்பது நாள்களுக்கு முன்" என்று சொன்னது.

இன்று "இப்போது" என்றது.

போனுக்கு உயிர் வந்திருக்கிறது, தன்னிடம் கடைசியாக இருந்த எண்ணை மறுபடி அனுப்பியிருக்கிறது, அவ்வளவுதான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது நியாயமான விளக்கம். ஹெட்செட்டைக் காதில் வைத்து வேலையைத் தொடங்கினான்.

சிம்ரனின் அப்பா சாமுவேல் பதினொரு மணிக்கு வந்தார். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். மகள் பிறந்த வருடம் எந்த நடிகையின் படம் ஓடியதோ அந்தப் பெயரையே அவளுக்கு வைத்து, பாதிரியாரிடம் திட்டு வாங்கியவர்.

"இன்னா மாப்ள, இன்னும் மெலிஞ்சிட்ட. சோறு துண்றியா இல்ல கம்ப்யூட்டர துண்றியா?"

"சாப்பிடறேன் மாமா. உக்காருங்க."

"போனு ஏறிச்சா?"

"ஏறிக்கினு இருக்குது. படம் நெறய இருக்குது மாமா. பென் டிரைவ்ல ஏத்த சாயங்காலம் ஆயிடும்."

"ஆவட்டும். ஆறு மணிக்கு வரேன்." அவர் உட்கார்ந்தார். கண் திரைமேல் போயிற்று. "அது இன்னா, இன்னும் பாப்பா பேரு இருக்குது?"

"பழசு மாமா."

அவர் தலையசைத்தார். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. கட்டை போவதும் வருவதுமாக, ஒரே சீராக. சாமுவேல் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"நினைவுக் கார்டு அடிக்கணும். உங்க அத்த ஒண்ணு கேட்டா. பாப்பா கடைசியா இன்னா சொல்லிச்சுன்னு. அதக் கார்டுல போடணுமாம். நான் வேணாம்னேன். கேட்டாத்தானே. நீதான் அன்னிக்குக் கூட இருந்த."

ஜான்சன் மேசையின் விளிம்பைப் பார்த்தான். "சோறு எடுத்து வச்சிருக்கேன், சாப்புடுன்னு சொன்னா மாமா. சொல்லிட்டு மாடிக்குப் போனா."

சாமுவேலின் முகம் சுருங்கி விரிந்தது. "அதான் எம் பொண்ணு" என்றார். எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "டாக்டரு சொன்னது நெஜந்தானே? அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்னாரே. ரொம்ப நேரம் கெடந்திருக்காது இல்ல?"

"இல்ல மாமா. அஞ்சு நிமிசந்தான்."

ஸ்கூட்டர் சத்தம் பாலாற்றுப் பக்கம் போய்த் தேய்ந்தது.

அந்த ஐந்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜான்சன் நாற்பத்தோரு நாளும் எழுந்தான், குளித்தான், இட்லி வாங்கினான். ஐந்து நிமிடம் என்றால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. கீழே இருந்தவனாலும் முடியாது. ஐந்து நிமிடம் இல்லை என்றால்?

அவன் செய்தது ஒரே ஒரு வரி. சென்சாருக்கும் போனுக்கும் இருபது அடிக்கு மேல் இடைவெளி விழுந்தால் தகவல் நின்றுவிடும். அவள் துணி காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் போன் சமையலறையில் கிடக்கும், தகவல் நிற்கும், ஜான்சனின் திரையில் சிவப்பு எரிந்து அலாரம் அலறும், அவன் மீட்டிங்கின் நடுவே பதறி எழுந்து மாடிக்கு ஓடினால், அவள் வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு புடவையை உதறிக்கொண்டிருப்பாள். ஒரு மாதத்தில் இருபது முறை. தேவையில்லாத அலாரத்தை அடக்குவதில் கம்பெனியிலேயே அவனுக்குத்தான் பேர். "நம்ம ஜான்சன் கை வச்சா எதுவும் கத்தாதுப்பா" என்று அவனுடைய டீம் லீடர் துளசி எல்லோர் முன்னாலும் சொல்வாள். அப்படித்தான் இதிலும் கை வைத்தான். தகவல் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டு, அலாரம் அடிக்காதே. இரண்டு நிமிட வேலை. சிவப்பு போயிற்று. திரை எப்போதும் பச்சையாக, சுத்தமாக இருந்தது.

சிம்ரனிடம் அதை அவன் சொல்லவில்லை.

"மாடியில இருந்தாக்கூட உனக்குத் தெரியும்ல?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். "தெரியும்" என்றான். "அப்றம் இன்னாத்துக்கு நான் போனையும் சாக்லேட்டையும் தூக்கிக்கினு அலையணும்? நீதான் பாத்துக்கினு இருக்கியே."

ஏப்ரல் எட்டாம் தேதி மதியம் பன்னிரண்டரைக்கு அவள் சாப்பாட்டுக்கான ஊசியைப் போட்டுக்கொண்டாள். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். அன்று சர்வர்கள் விழுந்துகொண்டிருந்தன. பத்து நிமிடம் என்றான் ஜான்சன். அவள் காத்திருந்தாள். காலையிலிருந்து கரண்ட் இல்லாததால் சார்ஜ் தீர்ந்து, அவள் போன் பன்னிரண்டு ஐம்பதுக்கு அணைந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. முன்னறையில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் 126 இருந்தது. துவைத்த துணியோடு அவள் மாடிக்குப் போனாள். மாலை ஐந்து பத்துக்கு, டீ வரவில்லையே என்றுதான் அவன் மாடிக்குப் போனான்.

அதற்குப் பிறகு மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினான். நாற்பத்தோரு நாளாக அந்தச் சாவியைத் தொடவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குத் திரையில் எண் மாறியது.

118.

முதலில் அவன் அசையவில்லை. பிறகு எண்ணுக்குக் கீழே இருந்த சிறிய எழுத்தைப் படித்தான். ஏப்ரல் 8, பகல் 12.55.

மெதுவாக, கணக்குப் போடுகிறவனைப் போல, அவன் யோசித்தான். பன்னிரண்டு ஐம்பதுக்கே போன் அணைந்துவிட்டது. ஆகையால் பன்னிரண்டு ஐம்பத்தைந்தின் எண் போனில் இருந்திருக்க வழியில்லை. சென்சாரில் இருந்திருக்கலாம். போன் எட்டாத தொலைவில் இருந்தால் சென்சார் தன் எண்களைத் தன்னிடமே சேர்த்து வைத்துக்கொள்ளும். போன் மறுபடி அருகில் வந்ததும் விட்டதையெல்லாம் கொடுத்துவிடும். அது அப்படித்தான் செய்யப்பட்டது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

போன் சமையலறையில், பிரிட்ஜ் மேலே இருக்கிறது.

சென்சார் சிம்ரனின் கையில் இருக்கிறது. குளிப்பாட்டிய பெண்கள் "இது இன்னாப்பா கையில ஒட்டிக்கினு இருக்குது?" என்று கேட்டபோது, பிய்த்தால் தோல் உரியும், விட்டுவிடுங்கள் என்று அவன்தான் சொன்னான். அது நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கல்லறைத் தோட்டத்தில், ஆறடி மண்ணுக்குக் கீழே, பெட்டிக்குள் இருக்கிறது. அதன் ஆயுளே பதினான்கு நாள்.

இருபது அடி. இரண்டுக்கும் இடையே இருபது அடிக்குமேல் போகக் கூடாது.

ஒரு மணிக்கு 104 என்று வந்தது. ஒன்று ஐந்துக்கு 88.

போனைப் பிடுங்கி அணைத்துவிடலாம். எழுந்து சமையலறை வரை போனான். பிரிட்ஜின் உறுமல், சிங்க்கில் சொட்டும் குழாய், ஜன்னல் வழியே வரும் சூடான மண் வாசனை, எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. போனின்மேல் கை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. சார்ஜ் ஏறுகிற போன் அப்படித்தான் இருக்கும். அணைத்தால் தெரியாமலே போய்விடும் என்ற எண்ணம் வந்தது. எத்தனை மணிக்கு முடிந்தது என்பது. ஒன்றரைக்குள் எண்கள் நின்றுவிட்டால் டாக்டர் சொன்னது உண்மை. மாமாவிடம் சொன்னதும் உண்மை. அவன் ஒரு குற்றமும் செய்யாதவன். நாற்பத்தோரு நாளில் அவனுக்கு முதல் முறையாக எதுவோ வேண்டியிருந்தது.

கையை எடுத்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

73. 61. 52. 44.

ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. சேர்த்து வைத்ததைக் கொடுக்கிற சென்சார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். இது அப்படிச் செய்யவில்லை. அன்றைய நிமிடத்தை இன்றைய நிமிடத்தோடு பொருத்தி, ஒவ்வொன்றாக, அவன் பார்க்கிறானா என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பதுபோல் கொடுத்தது. வரிசை பச்சையிலிருந்து மஞ்சளானது. ஒன்றரைக்கு 39. சிவப்பு. அலாரம் அடிக்கவில்லை. அவன்தான் எப்போதோ அதை அடக்கிவிட்டானே.

நின்றுவிடு என்று வாய்க்குள் சொன்னான். இங்கேயே நின்றுவிடு.

அப்படிச் சொன்னதன் பொருள் என்ன என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. செத்துவிடு என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

ஒன்று முப்பத்தைந்து. 37.

ஒன்று நாற்பது. 36.

இரண்டு மணிக்கு மீட்டிங். காதில் துளசியின் குரல் உற்சாகமாக ஒலித்தது. "ஜான்சன், லைன்ல இருக்கியா? மூஞ்சியே காணோம். கேமரா போடுப்பா, பாத்து எவ்ளோ நாளாச்சு."

"இருக்கேன்."

"எல்லாம் பச்சையா?"

அவன் மேலே இருந்த அறுபத்து மூன்று வரிசைகளையும் பார்த்தான். "பச்சைதான்."

"அப்போ சரி. உன் தயவுல நாங்க தூங்குறோம்." யாரோ சிரித்தார்கள். அவனுடைய ஜன்னலுக்கு வெளியே தறிச் சத்தம் நின்றிருந்தது; சாப்பாட்டு நேரம். அந்தச் சத்தம் நின்றதும் வீட்டுக்குள் வேறொரு அமைதி இறங்கியது, கனமாக, வெயிலோடு சேர்ந்து, மேலேயிருக்கும் தளத்தின் சூடு கூரை வழியே கசிந்து தலைமேல் படர்வதுபோல். விசிறி சுற்றியது. காற்று இல்லை.

"ஜான்சா! எப்பா ஜான்சா!" பக்கத்து மாடியிலிருந்து அங்கம்மாள் கத்தினாள். தறிக்காரர் வீட்டுப் பெண்மணி. தெருவையே குரலால் பெருக்கிவிடுவாள். ஜன்னலருகே போனான்.

"இன்னாக்கா?"

"துணிய காயப்போட்டுட்டு கிளிப்பு போட மாட்டியா? காத்துல எல்லாம் பறந்துக்கினு இருக்குது பாரு. ஒரு பொடவ எங்கூட்டு டேங்கு மேல வந்து வுழுந்திருக்குது. எட்த்துக்கினு போ."

"நான் துணி எதுவும் போடலக்கா."

"போடலையா? அப்போ இது யாருது, ஆகாசத்துலேந்து வந்துச்சா? ஈரம் சொட்டுது." அவள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

அவன் ஆணியைப் பார்த்தான். சாவி இருந்தது.

மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதில் எதுவும் ஏறவில்லை. இரண்டு பத்து, 36. இரண்டு பதினைந்து, 35. இரண்டு இருபது, 35. இது உயிர் போன உடம்பின் எண்ணாகவும் இருக்கலாம். இருக்கலாம் என்று அவன் நினைத்தான். கீழே போய்க் கீழேயே நின்றுவிட்ட எண். ஒன்றரைக்கே எல்லாம் முடிந்து, மிச்சமிருந்தது மெல்ல வடிந்துகொண்டிருக்கலாம்.

இரண்டு முப்பத்தைந்து. 43.

அவன் நாற்காலியில் நிமிர்ந்தான்.

இரண்டு நாற்பது. 49.

ஏறுகிறது. சர்க்கரை மிகவும் இறங்கிப்போனால், ஈரல் தன்னிடம் இருக்கிற கடைசிக் கையிருப்பை அவிழ்த்துவிடும். உடம்பு தன்னைத்தானே தூக்கி நிறுத்தப் பார்க்கும். சிம்ரனோடு வாழ்ந்த இரண்டு வருடத்தில் அதையெல்லாம் கற்றிருந்தான். உயிர் போன உடம்பில் எதுவும் ஏறாது. இரண்டு நாற்பதுக்கு அவள் உயிரோடு இருந்தாள். ஒன்றரை மணி நேரமாகக் கிடந்து, கொதிக்கிற சிமெண்டுத் தரையில், எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள்.

இரண்டு நாற்பதுக்கு அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. சர்வர்கள் எழுந்துவிட்டன. காதுக்குள் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் எடுத்து வைத்திருந்த தயிர்ச்சோற்றை இடது கையில் தட்டோடு பிடித்து, நின்றுகொண்டே தின்றான். அப்போது மாடியில் ஏதோ இழுபட்டது. பிளாஸ்டிக் வாளி தரையில் உரசுகிற சத்தம். குரங்கு என்று நினைத்தான். கோயில் பக்கத்திலிருந்து வருகிற குரங்குகள் துணியைக் கிழித்துவிட்டுப் போகும். மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் மூன்று முறை இடித்தான். "ச்சூ! போ!" என்று கத்தினான். காதுக்குள் துளசி சிரித்தாள். யாரை விரட்டுறே என்று கேட்டாள்.

இடித்ததும் மேலே வாளியின் சத்தம் நின்றது.

அதன் பிறகு, மேலேயிருந்து, மெதுவாக, மூன்று தட்டு. பதில் மாதிரி.

குரங்குக்கு எவ்வளவு கொழுப்பு பார் என்று சொல்லிவிட்டு அவன் மிச்சச் சோற்றைத் தின்றான்.

இதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தன்னிடம்கூட.

இப்போது மணி இரண்டு நாற்பத்தொன்று. மாடியில் வாளி உரசியது.

அவன் ஹெட்செட்டைக் கழற்றினான். உள்ளே துளசியின் குரல் பூச்சியைப்போல் ரீங்கரித்தது. வாளி ஒருமுறை இழுபட்டு நின்றது. மறுபடி இழுபட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, கைப்பிடி எட்டாமல், விளிம்பை விரலால் பற்றி இழுப்பதுபோல. கூரையிலிருந்து சுண்ணாம்புப் பொடி மேசைமேல் உதிர்ந்தது.

அவன் கூப்பிடவில்லை. ஓடவில்லை. ஒட்டடைக் கம்பு மூலையில் இருந்தது. அதைத் தொடவும் இல்லை.

ஆனாலும் தட்டியது. மூன்று முறை. அவன் தலைக்கு நேர் மேலே.

49. 47. 44. 41.

எழுந்து சாவியை எடு. இப்போதாவது எடு. கால்கள் நாற்காலிக்குக் கீழே இருந்தன. அவை அவனுடையவையாக இல்லை. திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும்.

மூன்று பத்து. எண் போயிற்று. அந்த இடத்தில் ஒரு கோடு. அளவிட முடியாத அளவு குறைவு என்பதற்கு அந்தச் சென்சார் காட்டும் கோடு. அதன் கீழே, ஏப்ரல் 8, பகல் 3.10.

அப்படியானால் அதுதான் நேரம். ஐந்து நிமிடம் இல்லை. இரண்டு மணி நேரம்.

அவனுக்கு அழுகை வரவில்லை. ஆறு மணிக்கு மாமா வருவார். அவரிடம் இதைச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தான். சொல்லப்போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. கார்டு அச்சாகும். அதில் சோறு எடுத்து வச்சிருக்கேன் என்று இருக்கும்.

கோடு மறைந்தது.

52.

கீழே இருந்த சிறிய எழுத்து: மே 19, பகல் 3.11.

இன்று.

60. ஐந்து நிமிடம் ஆகவில்லை. 71. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 83. எண்ணுக்குப் பக்கத்தில், போனுக்கும் சென்சாருக்கும் இடையிலான தொடர்பைக் காட்டும் நான்கு கோடுகளில் இதுவரை ஒன்றுதான் எரிந்திருந்தது. மாடியில் இருந்தால் ஒன்று, பல நேரம் அதுவும் இருக்காது. இப்போது இரண்டு.

மாடிக் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. தாழ்ப்பாள் மட்டும்.

சாவி ஆணியில் இருந்தது.

படிக்கட்டில் காலடி. ஈரக் காலடி. ஒரு படி. நின்றது. கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவளின் காலடி. தலை சுற்றுகிறவளின் காலடி. அடுத்த படி.

97. 108.

மூன்று கோடு.

வாசனை முதலில் வந்தது. துவைக்கிற சோப்பு. வெயிலில் காய்ந்த துணி. அதற்கடியில், சர்க்கரை இறங்கும்போது அவள் உடம்பில் பூக்கும் அந்தக் குளிர்ந்த வியர்வை. அதற்கும் அடியில் மண்.

சமையலறை தாண்டியாயிற்று. தரையில் நீர் சொட்டுகிறது. சொட்டு. சொட்டு.

நான்கு கோடு.

எண் பச்சையானது.

முன்னறை வாசலில் நின்றது. அவனுக்குப் பின்னால். இரண்டடி. திரையின் கண்ணாடியில், பச்சை வரிசைகளுக்கு நடுவே, ஒரு கருமை. கதவின் உயரத்துக்கு. ஒரு பக்கம் சாய்ந்து. மேல்கையில் நாணயம் அளவு ஒரு வட்டம், விளக்கு மாதிரி, மினுங்கி அணைந்து மினுங்கியது.

அவன் திரும்பவில்லை.

அன்றும் அவள் இங்கேதான் வந்து நின்றாள். ஒன்று ஐந்துக்கு. இடுப்பில் துணி வாளி. தலை ஒரு மாதிரி இருக்குதுப்பா என்றாள். காதில் ஹெட்செட்டோடு அவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். அவள் போகவில்லை. அவன் திரையின் கடைசி வரிசையைப் பார்த்தான். நூத்தி இருபத்தாறு, சூப்பரா இருக்குது, உனக்கு ஒண்ணும் இல்ல என்றான். திரும்பாமலே சொன்னான். அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் அவன் மாமாவிடம் சொல்லவில்லை.

பச்சை. பச்சை. பச்சை. அவன் கண்ணை எடுக்கவில்லை. கழுத்தில் ஈரம் பட்டது. காதருகே, மண் நிறைந்த வாய் ஒன்று மெல்லத் திறந்தது.

"அதப் பாக்காத ஜான். என்னப் பாரு."